ஒன்றரை அடி உயரம்

டில்லி ரயில் நிலையத்தில் என் பெட்டியை வாங்க வந்த போர்ட்டர், முதலில் என் தோளில் தொங்கிய பிளாஸ்டிக் குழாய்க்குத்தான் கை நீட்டினார். அதை மட்டும் தரமாட்டேன் என்றதும், பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டே, உள்ளே என்ன தூண்டிலா என்று கேட்டார். படம் வரைந்த தாள் என்றேன். ஒரு தாளுக்கு இவ்வளவு பெரிய குழாயா என்று அவர் கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தார். அது புரிகிற அளவுக்கு எனக்கு இந்தி மிச்சமிருந்தது.

நவம்பர் கடைசி. புகைமூட்டத்தில் காலை எட்டு மணிக்கும் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சாணக்யபுரியில் தமிழ்நாடு அரசு விருந்தினர் இல்லத்தில் அறை கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர் வடக்கே மலைப்பக்கத்துக்காரர். தமிழ்நாட்டு ஆட்களுக்குப் பரிமாறியே தமிழ் கற்றுக்கொண்டவர். "இட்லி சூடு இருக்கும்போதே சாப்பிட்டுடணும் சார், இங்க அஞ்சு நிமிஷம்தான்" என்றார். உண்மைதான். மூன்றாவது இட்லியைப் பிட்டபோது ஆறிப்போயிருந்தது.

நான் சென்னையில் முப்பத்திரண்டு வருடம் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தவன். இங்கே ஒரு கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களின் ஜூரிக்கு வெளியாளாக அழைத்திருந்தார்கள். ஒரு பருவம் முழுக்க வரைந்ததை மாணவர்கள் பலகையில் குத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார்கள். வெளியிலிருந்து வந்த நாலைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்போம். அதற்குப் பெயர்தான் ஜூரி. எழுபத்து நான்கு வயதில், முழங்கால் வலியோடு, அதற்காக இவ்வளவு தூரம் வரவேண்டிய அவசியம் எனக்கில்லை. இதே டில்லியில், கிட்வாய் நகரில் சண்முகவடிவு இருந்தாள். அதற்காக வந்தேன்.

அவள் என் மாணவி. அவளுக்கு நான் செய்ததைச் சொல்ல, ஸ்டூடியோ என்றால் என்ன என்று முதலில் சொல்லவேண்டும்.

ஸ்டூடியோவில் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்வதில்லை. ஆளுக்கொரு பெரிய மரமேசை. ஆசிரியர் மேசை மேசையாகப் போவார். மாணவரின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். மாணவர் வரைந்த தாளின்மேல் மெல்லிய டிரேசிங் தாளை விரித்து, அடியில் தெரியும் கோடுகளைப் பார்த்தபடி, இப்படிச் செய்தால் என்ன என்று வரைந்து காட்டுவார். பிறகு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடுவார். டிரேசிங் தாள் அங்கேயே கிடக்கும். அது மாணவருக்கு. எங்கும் எழுதி வைக்காத விதி. என் ஆசிரியர்கள் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன், ஒரு ஜூலை மாதம் வரை.

அந்தப் பருவத்தில் நான் கொடுத்த வேலை, சின்ன ஊர் ஒன்றுக்குத் தாலுகா அலுவலகம். எல்லோரும் தாசில்தார் அறையிலிருந்து தொடங்கினார்கள். வடிவு ஜன்னலிலிருந்து தொடங்கினாள். மனுவோடு வருகிறவர் குனிந்து ஒரு பொந்து வழியாகக் குமாஸ்தாவிடம் பேசுவாரே, அந்த ஜன்னல். அதை எடுத்துவிட்டு இரண்டடி கனத்தில் சுவர் போட்டிருந்தாள். ஜன்னலின் அடிவிளிம்பு தாழ்வாக, சுவரின் கனம் முழுக்க அகலமாக, ஓர் இருக்கைபோல இருந்தது. வந்தவர் அந்தச் சுவருக்குள்ளேயே நிழலில் உட்காரலாம். உள்ளே குமாஸ்தா தன் நாற்காலியில் இருப்பார். இரண்டு பேர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

நான் டிரேசிங் தாளை விரித்தேன். இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மற்ற மேசைகளில் காத்திருந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் ஒரு கோடு போடுவேன், அவள் தலையை ஆட்டுவாள் அல்லது ஆட்டமாட்டாள். அவள் பென்சிலை எடுத்து என் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று போடுவாள். மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அழுத்திப் பிடித்திருந்தோம். அப்படி ஒரு மத்தியானம் எனக்கு அதற்கு முன்பு வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் திரும்பிப் போக ஆசைப்பட்ட இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த ஸ்டூல்தான்.

மணி அடித்ததும் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தேன். கை தானாகச் செய்துவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்போது என் அலுவலகத்தில் ஒரு கூட்டுறவு வங்கிக் கட்டடத்தின் வேலை இருந்தது. மூன்று வாரமாக எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அன்று மாலை பிடிபட்டது.

வங்கியின் வரைபடங்கள் நவம்பரில் ஒரு பத்திரிகையில் வந்தன. டிசம்பரில் ஜூரி. வடிவு தன் தாள்களைக் குத்தி முடித்ததும், வெளியிலிருந்து வந்த ஒருவர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். இது உன் ஆசிரியரின் வங்கியல்லவா, அவரையே காப்பியடித்து அவரிடமே காட்டுகிறாயே, தைரியம்தான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வடிவு என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. மணி என்ன என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவரைப்போல நின்றாள். நான் குனிந்து என் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தாள்களைச் சுருட்டினாள். அந்தப் பருவம் தோல்வி. மறுபடி எழுதித் தேறினாள். மத்திய அரசு வேலையில் டில்லிக்குப் போய்விட்டாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த வங்கி பெயர் வாங்கித் தந்தது. அந்த டிரேசிங் தாளை நான் எறியவில்லை. எறியாததை ஒரு நல்ல குணமாக நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

இத்தனையும்தான் அந்தக் குழாய்க்குள் இருந்தது.

முதல் நாள் மத்தியானம் வேலை எதுவும் இல்லை. அறையில் வைத்துவிட்டுப் போக மனமில்லாமல் குழாயையும் மாட்டிக்கொண்டு லோதி ரோடு பக்கம் போனேன். அலுவலகங்களில் சாப்பாட்டு நேரம். புகை விலகி வெயில் வந்திருந்தது. ஃபைல் தூக்குகிறவர்களும் அதிகாரிகளும் ஸ்வெட்டரோடு வெளியே வந்து, வெயில் விழுந்த இடமெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். புல்வெளி, நடைபாதை விளிம்பு, சுற்றுச்சுவர், மோட்டார் அறையின் படி. கடலை உரித்தார்கள், ஆரஞ்சு உரித்தார்கள். சென்னையில் நாங்கள் பிள்ளைகளுக்கு நிழலை வரையக் கற்றுக்கொடுத்தோம். இங்கே வெயிலை வரையவேண்டும் போலிருக்கிறது. மர நிழலில் ஒரு நல்ல சிமென்ட் பெஞ்சு காலியாகக் கிடந்தது. யாரோ வரைந்து, யாரோ ஒப்புதல் கொடுத்துப் போட்ட பெஞ்சு. இந்தக் குளிரில் அதில் ஒருவரும் உட்காரவில்லை.

ஒரு தள்ளுவண்டியில், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மசாலாப் பொடி தூவி இலைக்கிண்ணத்தில் கொடுத்தார்கள். நம் ஊரில் அவித்து வெல்லம் தொட்டுச் சாப்பிடுகிறதை இப்படி உறைப்பாகச் சாப்பிட நாக்குக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு இன்னொன்று வாங்கினேன்.

திரும்பும்போது மெட்ரோ நிலையத்துச் சோதனையில் குழாய் மாட்டிக்கொண்டது. இயந்திரத்தில் போட்டுப் பார்த்தும் காவலருக்குத் திருப்தியில்லை. திறக்கச் சொன்னார். மடக்கு மேசைமேல் தாளை விரித்தேன். பழுப்பேறி, ஓரம் நொறுங்க ஆரம்பித்த தாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் தொட்டார். "நக்ஷா" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார். வரைபடம். பிறகு என்னிடம், யாருடையது என்று கேட்டார்.

"என் மாணவி ஒருத்தியுடையது" என்றேன்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அது யாருடையதாக இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்கிற ஓர் ஆளிடம் சொல்ல எளிதாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள், சனிக்கிழமை, ஜூரி தொடங்கியது. அந்த ஸ்டூடியோவின் ஆசிரியை நேஹாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். குளிருக்குக் கையில் எப்போதும் ஒரு டீ தம்ளர். மேசைகள் இருந்தன. மேசைகளின்மேல் கணினிகள் இருந்தன. ஆனால் ஸ்டூல்கள் இருந்தன, பசை வாசனை இருந்தது, இரண்டு நாள் தூங்காத முகங்கள் இருந்தன. கதவருகே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். உள்ளே போகலாம் சார் என்று நேஹா சொல்லவேண்டியிருந்தது.

என்னை அறிமுகப்படுத்த அவள் சுவரில் ஒரு புகைப்படத்தைப் போட்டாள். என் வங்கி. இரண்டாம் ஆண்டிலேயே இந்த ஜன்னலைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தினேனே, சாதாரண மனிதனைக் குனிய வைக்காத ஜன்னல், அதை வரைந்தவர் இவர்தான் என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

அவ்வளவுதான் செய்தேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் மௌனத்துக்கு நாற்பத்து நான்கு வயது என்று ஒரு சாக்கு இருந்தது. பெயர் வேண்டும், வேலை வேண்டும். எழுபத்து நான்கில் எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மத்தியானம் ஒரு பையன் வந்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்குவதற்கு ஓர் இடம் வரைந்திருந்தான். நடைபாதையில் அவர்கள் படுத்துக் கிடப்பதை நான் வழியில் பார்த்திருந்தேன். நல்ல யோசனை, சமையல் மூலை மட்டும் தவறான பக்கம் இருந்தது. பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அவன் தாளை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். பையன் மரியாதையாகத் தாளைத் தன் பக்கம் ஓர் அங்குலம் இழுத்துக்கொண்டான்.

"சார், மன்னிக்கணும். வரையாதீங்க. சொல்லுங்க, நான் வரைஞ்சுக்கறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

கேட்காமல் மாணவர் தாளில் ஆசிரியர்கள் வரைவதில்லை என்பது இங்கே வழக்கமாம். நேஹா சங்கடத்தோடு சொன்னாள். அருமையான வழக்கம் என்றேன். பென்சிலைப் பைக்குள் வைத்தேன். பிறகு அவனிடம், அடுப்பு பற்றவைக்கிறவர் யார், எந்த ஊர், எப்படி உட்கார்ந்து சமைப்பார் என்று கேட்டேன். அவன் கால் மணி நேரம் பேசினான். பேசி முடிக்கும்போது சமையல் மூலையை அவனே இடம் மாற்றியிருந்தான். அந்தக் கேள்விகளை நான் வடிவிடம் கேட்டதில்லை.

அன்று மாலை அவளுக்குப் போன் செய்தேன். எண் ஆறு வருடமாக என்னிடம் இருந்தது. பெயரைச் சொன்னதும், எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டாள். பிறகு, "நாளைக்கி ஞாயித்துக்கெழமதான, மத்தியானம் சாப்பிட வாங்க சார்" என்றாள். கதவு எண்ணைச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆட்டோக்காரர் கிட்வாய் நகரில் என்னைத் தவறான வாசலில் இறக்கிவிட்டார். தவறு பாதி என்னுடையது. இருபது வருடத்துக்கு முன் பார்த்த இடம்தானே என்று வழி சொல்லிக்கொண்டு வந்தேன். அப்போது எல்லாம் இரண்டு மாடிக் குடியிருப்புகள், வேப்பமரங்கள், வெளியே கயிற்றில் போர்வைகள். சாலைக்குக் கிழக்கே இப்போது அண்ணாந்து பார்க்கவேண்டிய கோபுரங்கள் நின்றன. ஒரு காவலர் இன்னொரு காவலரிடம் அனுப்ப, அவர் சாலையைக் கடக்கச் சொல்ல, முழங்கால் வலியோடு அரை மணி நேரம் நடந்தேன். மேற்குப் பக்கத்தில் பழைய குடியிருப்புகள் மிச்சமிருந்தன. அங்கேதான் இருந்தாள்.

அவளே கதவைத் திறந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. "வாங்க சார். அலைஞ்சுட்டீயளோ" என்றாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு அப்படியே இருந்தது. கணவர் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்தார். மகள் இலக்கியா கல்லூரியில் படிக்கிறாளாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அங்கிள், நீங்க மம்மிக்கு டீச்சர் இருந்தீங்களா?" என்று கேட்டாள். மம்மி படிக்கும்போது எப்படி என்று அடுத்த கேள்வி.

"என்னைவிட நன்றாக வரைவாள்" என்றேன்.

"ஜூட்" என்று சிரித்தாள் மகள். பொய் என்று அர்த்தம். "மம்மி வீட்ல ஒரு கோலம்கூட போடாது."

சாப்பாட்டுக்குச் சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும். கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ். பக்கத்திலேயே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயிலிருந்து எல்லாம் கிடைக்கிறது, விலையைத்தான் கேட்கக்கூடாது என்றாள். மூன்று நாளாக ஆறிய இட்லி தின்ற எனக்கு அந்தச் சூடு கண்ணில் நீர் வரவழைத்தது. இஞ்சி என்று சொல்லிக்கொண்டேன்.

வேலையைப் பற்றி அவளே சொன்னாள். அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்பு. "முப்பது வருசமா சீலன் பாக்கேன் சார்" என்றாள். சீலன் என்றால் சுவரில் ஏறும் ஈரம். எந்த மாடியில் ஒழுகினால் எந்தச் சுவரில் தெரியும் என்று சுவரைத் தொட்டே சொல்லிவிடுவாளாம். புதிதாக எதுவும் வரைந்ததில்லை.

சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் போன பிறகு நான் குழாயைத் திறந்தேன். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து நாலு மூலையிலும் தம்ளர்களை வைத்தேன். ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. இது உன்னுடையது, எடுத்துக்கொண்டு போய்விட்டேன், அன்றைக்கு ஜூரியில் வாய் திறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். உள்ளே பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த மகள் கையை நிறுத்திவிட்டாள்.

வடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஓரத்தில் நான் போட்டிருந்த ஒரு சின்னக் குறுக்குவெட்டுப் படத்தில் விரலை வைத்தாள். ஜன்னல் விளிம்பின் உயரம், என் கையெழுத்தில்: இரண்டேகால் அடி.

"இது என்னோடது இல்ல சார்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வாங்க, காலாற நடந்துட்டு வருவோம்."

இரண்டு கட்டடம் தள்ளி, குடியிருப்புக்காரர்கள் புகார் எழுதிக்கொடுக்கும் சின்ன அலுவலகம் இருந்தது. குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் அங்கே சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் இருப்பார். தெற்குப் பார்த்த சுவர், வெயில் முழுக்க அதில்தான் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் ஒரு ஜன்னல். அதன் கனத்துக்குள், தேய்ந்து பளபளத்த கல் விளிம்பில், குரங்குக் குல்லாய் போட்ட ஒரு சர்தார்ஜி பக்கவாட்டில் உட்கார்ந்து, உள்ளே இருந்த குமாஸ்தாவிடம் கீசர் வேலை செய்யாததைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். இருவரும் நடுவில் ஒரு கடலைப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள்.

நான் நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்க ஈரம் ஏறியிருந்ததாம். இடித்துக் கட்டவேண்டி வந்தது. கட்டும்போது கொஞ்சம் கனமாகக் கட்டச் சொன்னாளாம். கல் வேறு வேலையில் மிஞ்சியது. "ஃபைல்ல சீலன் ரிப்பேர்னுதான் இருக்கு" என்றாள். சர்தார்ஜி போனதும், "உக்காருங்க சார்" என்றாள்.

உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கவில்லை. பாதம் தரையில் முழுசாகப் பதிந்தது. கல் சூடாக இருந்தது. குமாஸ்தா நிமிரவும் இல்லை, நான் குனியவும் இல்லை. என்ன புகார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒன்றரை அடி" என்றாள் வடிவு. "எங்கம்மாவோட முழங்கால் ஒசரம். ஸ்கேல வச்சு அளந்தேன். அப்பா போனப்பறம் பென்சனுக்கு ட்ரெஷரிக்கு நடந்தா. வயித்துல ஆப்ரேசன் பண்ணிருந்துது, அந்தப் பொந்துல குனிய முடியாது. நான் குனிஞ்சு அம்மா பேர சொல்லுவேன். அன்னைக்கி ஒன்றரைன்னு ஒங்ககிட்ட சொன்னேன் சார். வெளிச்சொவர்ல ஓடுற கல்வரிசையோட கோடு சேரணும்னு சொல்லி நீங்க மேல தூக்கிட்டீய. ஏன் ஒன்றரைன்னு கேக்கல."

நினைவு வந்தது. அந்த மத்தியானத்தில் அவள் தலையை ஆட்டாத ஓர் இடம் அதுதான்.

"ஒங்க பேங்க ஒரு தடவ போய்ப் பாத்தேன். யாரும் உக்காரல. ஏறி உக்காரவும் முடியாது, நின்னா பேசவும் தோது இல்ல. பைய வச்சுக்கிட்டு குனிஞ்சுதான் பேசுதாங்க. அதான் சொல்லுதேன், அது என்னோடது இல்ல சார். என்னோடதுல உக்காரலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஈரம் எங்கே ஏறியிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் இத்தனை வருடமாக அவளிடமிருந்து ஒரு கட்டடத்தைத் திருடியதாக நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். அதைக்கூட நான் செய்யவில்லை. கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்தக் கோடு யாருக்காகப் போட்டது என்பதை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

மன்னித்துக்கொள் என்றேன். அவள் பக்கத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பருவம் திரும்ப எழுதுறப்ப, எங்கம்மா ஊர்ல எல்லார்ட்டயும் எம்மவளுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சுன்னு சொல்லிட்டிருந்தா. காப்பி அடிச்சான்னு எப்படிச் சொல்லுவா." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கிட்ட சொல்ல வேண்டியதில்ல சார். எனக்குத்தான் தெரியும்லா. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

வீட்டுக்குத் திரும்பியதும் தம்ளர்களை எடுத்துவிட்டுத் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டு என்னிடமே கொடுத்தாள். வாசல் வரை வந்து, ஆட்டோக்காரரிடம் வழியையும் அவளே இந்தியில் சொன்னாள். நாளைக்கும் ஜூரி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அச்சா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைசி மாணவி முடித்தபோது மணி நாலு. பெரியவர் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று நேஹா கேட்டாள். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு தரையிலும் மேசைகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். நான் குழாயைத் திறந்து, தாளைக் காலியாக இருந்த பலகையில் வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்தினேன். ஓரம் நொறுங்கி ஒரு குண்டூசி நழுவியது. ஆஸ்பத்திரிப் பையன் எழுந்துவந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை நீங்கள் பார்த்த ஜன்னல் என்னுடையதல்ல என்று தொடங்கினேன். ஜூலை மாதம், டிரேசிங் தாள், வங்கி, டிசம்பர் ஜூரி, குறிப்பேடு, எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். நேற்று உட்கார்ந்த கல்லையும் சொன்னேன். நேஹா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு வெளியாள், என் வயதுக்காரர், தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எனக்கு நன்றாகப் புரிந்தது.

முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. அதற்கு நன்றியாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். உயரத்தை மறுபடி சொல்லமுடியுமா, குறித்துக்கொள்ள விட்டுப்போயிற்று என்றாள்.

நான் பென்சிலை எடுத்தேன். இரண்டேகால் அடியை அடித்துவிட்டு, பக்கத்தில் ஒன்றரை என்று எழுதினேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. காலிக் குழாயை மாட்டிக்கொண்டு நான் வாசலுக்கு வந்துவிட்ட பிறகு நேஹா பின்னாலேயே ஓடிவந்தாள். சார், உங்கள் தாளைப் பலகையிலேயே விட்டுவிட்டீர்கள் என்றாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து, அடியில் எழுதவேண்டும், அந்த மாணவியின் பெயர் என்ன என்று கேட்டாள்.

சண்முகவடிவு என்றேன். அவளுக்கு அது வாயில் நுழையவில்லை. மெதுவாக, எழுத்தெழுத்தாக, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.